கட்டுநாயக்கா விமானப்படைத் தளக் கையளிப்பு (1957)

இலங்கையின் மேற்குக் கரையில் நீர்கொழும்பை அடுத்துள்ள கட்டுநாயக்கா வான்தளத்தை, பிரித்தானிய அரச விமானப்படை 1957 நவம்பர் 1 அன்று அரச இலங்கை விமானப்படையிடம் ஒப்படைத்த நிகழ்வு. அதற்கு முன் ஆறாண்டுக் காலம் இரு படைகளும் தளத்தைப் பகிர்ந்து வந்தன. திருகோணமலைக் கடற்படைத் தளம் அதே ஆண்டு அக்டோபர் 15 அன்று கைமாறியது. 1948 பிப்ரவரி 4 அன்று கிடைத்த விடுதலை இவ்விரு கையளிப்புகளால்தான் நிறைவு பெற்றது.

 

போர்க்காலத் தோற்றம்

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்ததும், இந்தியப் பெருங்கடலில் பிரித்தானியக் கப்பற்படைக்கு இலங்கையே முதன்மையான புகலிடம் ஆயிற்று. இரத்மலானையிலும் திருகோணமலையை அடுத்த சீனன்குடாவிலும் அரிக்கேன் போர்விமானங்கள் நிறுத்தப்பட்டன. கொழும்பில் குதிரைப் பந்தயத் திடல்கூட ஓடுபாதை ஆக்கப்பட்டது.

ஏப்ரல் 4 அன்று, தென்கரையிலுள்ள கொக்கலையிலிருந்து கட்டலினா கடல்விமானத்தில் சென்ற கனடிய விமானி லெனார்டு பேர்ச்சால், இலங்கையை நோக்கி வந்த ஜப்பானியக் கப்பல் தொகுதியைக் கண்டு வானொலியில் செய்தி அனுப்பினார். அவருடைய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது, அவர் சிறைப்பட்டார். மறுநாள் உயிர்ப்பு ஞாயிறு. அன்று காலை கொழும்பு தாக்கப்பட்டபோது பாதுகாப்புப் படைகள் ஓரளவேனும் ஆயத்தமாக இருந்ததற்கு அவரது செய்தியே காரணம். அன்றே கார்ன்வால், டார்செட்சயர் என்னும் இரு போர்க்கப்பல்கள் நடுக்கடலில் மூழ்கடிக்கப்பட்டன. ஏப்ரல் 9 அன்று திருகோணமலையும் சீனன்குடாவும் குண்டுவீச்சுக்கு உள்ளாயின. எர்மிசு என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது.

இத்தாக்குதலுக்குப் பின் தீவின் வான்தளங்கள் பெருகின. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் தலைமையிலான தென்கிழக்காசியக் கட்டளையகம் கண்டிக்கு வந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 10 அன்று சீனன்குடாவிலிருந்து புறப்பட்ட அமெரிக்கப் பி-29 விமானங்கள் சுமத்ராவின் பலெம்பாங் எண்ணெய் ஆலைவரை பறந்து தாக்கின. கட்டுநாயக்காத் தளமும் 1944 காலத்தில் உருவானதே. ‘நீர்கொழும்பு நிலையம்’ என்றே அரச விமானப்படையினர் அதை வழங்கினர். போர் முடிந்தபின், மத்திய கிழக்கிலிருந்து சிங்கப்பூர் செல்லும் படை விமானங்கள் தங்கி எரிபொருள் நிரப்பும் இடமாக அது நிலைத்தது.

பகிர்வுக் காலம்

1947 நவம்பர் 11 அன்று இலங்கைப் பிரதமர் டி. எஸ். சேனநாயக்கா பிரித்தானியாவுடன் கையெழுத்திட்ட பாதுகாப்பு ஒப்பந்தம், விடுதலைக்குப் பின்னும் பிரித்தானியக் கடற்படையும் விமானப்படையும் இலங்கையில் தங்க இடமளித்தது. சொந்தப் படையில்லாத புதிய நாடு ஆளெடுக்கவும் பயிற்றுவிக்கவும் இது அவகாசம் தந்தது. ஆனால் அயலார் தளங்கள் உள்ள நாடு உண்மையில் விடுதலை பெற்றதாகுமா என்ற ஐயத்தையும் கூடவே கொண்டுவந்தது. அந்த ஐயத்தையே காட்டி, ஐக்கிய நாடுகள் அவையில் இலங்கை சேர்வதைச் சோவியத் ஒன்றியம் 1948 இல் தடுத்தது. 1955 டிசம்பரில்தான் உறுப்புரிமை கிடைத்தது.

அரச இலங்கை விமானப்படை 1951 மார்ச் 2 அன்று அமைந்தது. அதன் முதல் தளபதி ஜி. சி. பிளேடன் பிரித்தானிய அதிகாரி. சிப்மங்க் பயிற்சி விமானங்களில் இலங்கை இளைஞர்கள் கட்டுநாயக்காவிலேயே பறக்கக் கற்றனர். ஒரே ஓடுபாதையில் விருந்தினரும் வீட்டுக்காரரும் சேர்ந்து தொழில் செய்த இவ்வாண்டுகளே பின்னர் தளம் சிக்கலின்றிக் கைமாற அடித்தளமிட்டன.

பேச்சும் கையளிப்பும்

1956 ஏப்ரல் தேர்தலில் 95 இடங்களில் 51 ஐ வென்ற மக்கள் ஐக்கிய முன்னணி, அணிசேராமையைக் கொள்கையாகக் கொண்டது. பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா அவ்வாண்டு லண்டனில் நடந்த பொதுநலவாயத் தலைவர்கள் மாநாட்டில் தளங்களைத் திரும்பக் கேட்டார். கொள்கையளவில் உடன்பாடு ஏற்பட்டது. சில மாதங்களில் மூண்ட சூயசுப் போர், அயலார் தளம் உள்ள நாடு தான் விரும்பாத சண்டைக்குள் இழுக்கப்படலாம் என்ற அவரது வாதத்துக்கு வலுவூட்டியது. படைச் செலவைக் குறைக்கும் பிரித்தானியத் திட்டம் 1957 ஏப்ரலில் வெளிவந்தது, அது கையளிப்புக்குத் துணைக்காரணமே.

1957 ஜூனில் மடல்கள் பரிமாறப்பட்டன. தளங்களிலிருந்த கட்டடம் முதலிய நிலைச் சொத்துகளுக்கு இலங்கை 2 கோடியே 20 இலட்சம் ரூபாயை ஐந்தாண்டுகளில் செலுத்துவதென முடிவாயிற்று. சில வசதிகளைப் பிரித்தானியர் மேலும் சில ஆண்டுகள் பயன்படுத்தவும் இசைவு தரப்பட்டது. கட்டுநாயக்காவுக்கு மாற்றாக அவர்கள் மாலத்தீவின் அத்து வட்டத்திலுள்ள கன் தீவில் தளம் அமைத்தனர். அதையும் 1976 இல் விட்டகன்றனர்.

ஒப்பீடு

பிலிப்பீன்சில் சூபிக் விரிகுடாத் தள உடன்பாட்டை நீட்டிக்க அந்நாட்டு மேலவை 1991 இல் மறுத்ததால், 1992 நவம்பரில் அமெரிக்கர் வெளியேறினர். 2021 ஜூலைத் தொடக்கத்தில் ஆப்கானித்தானின் பக்ராம் வான்தளத்தை அமெரிக்கர் இரவோடிரவாக விட்டுச் சென்றதை, பொறுப்பேற்க வேண்டிய ஆப்கானியத் தளபதி சில மணி நேரம் கழித்தே அறிந்தார். ஆறு வாரத்தில் காபூல் வீழ்ந்தது. நாள் குறித்து, கணக்கு முடித்து, பயிற்சி பெற்ற கைகளில் தளத்தை ஒப்படைத்த கட்டுநாயக்கா முறையே பின்பற்றத்தக்கது.

பின்னர்

கையளிப்புக்குப் பிறகும் படைத்தலைமை சில ஆண்டுகள் பிரித்தானிய அதிகாரியிடமே இருந்தது. 1962 இல் ரோகன் அமரசேகரா முதல் இலங்கைத் தளபதியானார். தளத்தை ஒட்டிய பகுதி கனடிய உதவியுடன் பன்னாட்டு வானூர்தி நிலையமாக வளர்ந்து 1970 இல் பண்டாரநாயக்கா பெயர் பெற்றது. 1971 கிளர்ச்சியின்போது இந்திய ஹெலிகாப்டர்களும் சோவியத் மிக்-17 விமானங்களும் இங்கு வந்தன. 2001 ஜூலை 24 அன்று விடுதலைப்புலிகள் இத்தளத்தைத் தாக்கினர். இன்றும் இது விமானப்படைத் தளமே. சீனன்குடாவில் விமானப்படைக் கலைக்கழகம் இயங்குகிறது.