இன உறவுச் சமூகவியல் (அமெரிக்கா)

வெவ்வேறு இனத்தவர் ஒரே சமூகத்தில் எவ்வாறு பழகுகின்றனர், வேலை, வீடு, கல்வி, சொத்து ஆகியவை அவர்களிடையே எவ்வாறு பங்கிடப்படுகின்றன என்பவற்றை ஆராயும் சமூகவியல் பிரிவு. அமெரிக்காவில் இது பெரும்பாலும் கறுப்பின மக்களின் நிலை பற்றிய ஆய்வாகவே வளர்ந்தது. எதை முன்னேற்றம் என்பது, அதை எதைக் கொண்டு அளப்பது என்பவையே இத்துறையின் நீண்டகால விவாதங்கள்.

முன்னோடி டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ். பிலடெல்பியா நகரின் ஏழாவது வார்டில் 1896இல் தொடங்கி வீடு வீடாகச் சென்று தொழில், வாடகை, குடும்பம், படிப்பு பற்றிய விவரங்களைத் திரட்டி, 1899இல் நூலாக்கினார். கறுப்பினத்தவரின் வறுமைக்குப் பிறவிக் குணத்தைக் காரணம் காட்டிய காலத்தில், அடிமை முறையின் விளைவுகளையும் மறுக்கப்பட்ட வேலைகளையும் அவர் சுட்டினார்.

1920களில் சிகாகோவின் ராபர்ட் பார்க், இனங்கள் சந்திப்பு, போட்டி, இணக்கம், ஒன்றுகலத்தல் என்னும் நான்கு கட்டங்களைக் கடக்கும் என்றார். காலம் போனால் சிக்கல் தானே தீரும் என்ற எண்ணத்துக்கு இது இடமளித்தது. சுவீடன் நாட்டவரான குன்னர் மிர்தால் 1944இல், சமத்துவம் பேசும் அமெரிக்கக் கொள்கைக்கும் அதன் நடப்புக்கும் உள்ள முரணை முன்வைத்தார். இன ஒடுக்குமுறையை இந்தியச் சாதியோடு ஒப்பிட்டவர்களை 1948இல் மறுத்த ஆலிவர் காக்ஸ், அதன் வேர் முதலாளித்துவச் சுரண்டலில் உள்ளது என்றார்.

பின்னர் அளவைகள் பெருகின. கறுப்பர், வெள்ளையர் திருமணத்தை ஏற்போர் காலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில் 1958இல் 4 விழுக்காடு. 2021இல் 94 விழுக்காடு. ஆனால் மனப்பான்மை மாறிய வேகத்தில் வாழ்நிலை மாறவில்லை. இரு இனத்தவரும் நகரெங்கும் சீராகப் பரவ ஓர் இனத்தவரில் எத்தனை விழுக்காட்டினர் குடிபெயர வேண்டும் என்று கணிக்கும் குறியீட்டைச் சமூகவியலாளர்களான டங்கன் தம்பதியர் 1955இல் பரவலாக்கினர். அவ்வகை அளவைகளைக் கொண்டு, குடியிருப்புப் பிரிவினை வறுமையை ஓரிடத்தில் குவிக்கிறது என்று சமூகவியலாளர்கள் மாசியும் டென்டனும் 1993இல் நிறுவினர்.

இனத்தைவிட வர்க்கமே வாழ்வாய்ப்பைத் தீர்மானிக்கத் தொடங்கிவிட்டது என்று வில்லியம் ஜூலியஸ் வில்சன் 1978இல் எழுதியது பெரும் சர்ச்சையானது. மில்வாக்கியில் டேவா பேஜர் 2003இல் வெளியிட்ட ஆய்வு வேறு சான்று தந்தது. ஒத்த தகுதியுடைய இளைஞர்களை அவர் வேலை கேட்க அனுப்பினார். சிறை சென்றதாகக் கூறிய வெள்ளையருக்கு 17 விழுக்காடு அழைப்பு வந்தது. குற்றப் பின்னணியே இல்லாத கறுப்பருக்கு 14 விழுக்காடுதான். வாயால் சொல்லும் சமத்துவத்தைக் கருத்துக்கணிப்பு பதிவுசெய்கிறது. வேலை தருபவரின் முடிவை அறிய இத்தகைய நேரடிச் சோதனை வேண்டியிருக்கிறது.