கல்லடி மிஷனுக்குப் போன வழி

வாழைச்சேனைக் கடதாசி ஆலையில் அப்பா வேலை பார்த்த காலத்தில், என்னை முதன்முதல் கல்லடிக்குக் கூட்டிப்போனவர் அம்மம்மா. ரயிலில் மட்டக்களப்பு வரை போய், பாலத்தை நடந்தே கடந்தோம். நடுப்பாலத்தில் நின்று, "பூரணை ராவில இதுக்குக் கீழ மீன் பாடும் மனே" என்றார். அந்த வாவி ஓசையை வைத்தே விபுலானந்த அடிகள் 'நீரரமகளிர் இன்னிசைப் பாடல்' எழுதினார் என்று பிறகுதான் படித்தேன்.

நாங்கள் போனது இராமகிருஷ்ண மிஷன் ஆச்சிரமத்துக்கு. ஆச்சிரமம் என்றதும் குடிலும் தாடிச் சாமியாரும் இருக்கும் என்று நினைத்துப் போனவள் நான். அங்கே கேட்டது பொடியன்கள் பாடம் ஒப்பிக்கிற சத்தம்.

பிள்ளைகளைப் படிக்கவைப்பது அடிகள் விரும்பிச் செய்த வேலை. காரைதீவில் 1892இல் மயில்வாகனனாகப் பிறந்த அவர், கல்முனை மெதடிஸ்தப் பாடசாலையிலும் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் படித்தவர். பாதிரிமார் பள்ளிக்கூடம் ஒரு பிள்ளைக்கு என்ன தரும் என்று தன் அனுபவத்தில் அறிந்தவர். விஞ்ஞானம் படிப்பித்தார், மானிப்பாய் இந்துக் கல்லூரிக்கு அதிபரானார். அந்தப் பதவியை விட்டு 1922இல் மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து, 1924இல் சுவாமி சிவானந்தரிடம் சந்நியாசம் பெற்றார். காவியோடு ஊர் திரும்பியவர் குகை தேடவில்லை. கல்லடி உப்போடை மணலில் 1929இல் பள்ளிக்கூடம் எழுப்பி, குருவின் பெயரைச் சூட்டினார்: சிவானந்த வித்தியாலயம். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கு விடுதியும் வந்தது. எங்கள் மாகாணத்தில் இதைவிடப் பெரிய தவம் நடந்ததாக எனக்குத் தெரியாது.

பழந்தமிழ் இசை பற்றி அவர் எழுதிய 'யாழ் நூல்' 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆம் திகதி அவர் கண்மூடினார். உடலைப் பள்ளிக்கூட வளவிலேயே அடக்கம் செய்தார்கள். ஈசன் உவக்கும் மலர் எது என்று அவர் எழுதிய பாட்டு சமாதியில் பொறித்திருக்கிறது. அறுபதுகளின் தொடக்கத்தில் பள்ளிக்கூடம் அரசிடம் போனது. பிள்ளைகள் இல்லம் மிஷனிடமே நின்றது.

அம்மம்மாவோடு போன அன்று மாலை, விவேகானந்தர் இயற்றிய ஆரத்திப் பாட்டை அந்தப் பிள்ளைகள் பாடினார்கள். வாயில் நுழையாத சொற்களை ஒரு பிசகுமில்லாமல். அம்மம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

போன வருடம் தனியாகப் போனேன். சமாதிப் படியில் ஒரு சின்னப் பொடியன் கொப்பியை விரித்துக் கணக்குச் செய்துகொண்டிருந்தான். பென்சில் முனை உடைந்து, பல்லால் சீவிச் சீவி எழுதினான். அவன் முடிக்கும்வரை கற்பூரத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.