பாவைகள் சொன்ன பதில்



சிலுவைப் போர்கள் பாடம் நினைவிருக்கிறதா? காரணங்கள் ஐந்து, விளைவுகள் ஐந்து என்று கரும்பலகையில் எழுதிப் போடுவேன். ஒருநாள் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து, "சார், ஜெருசலேம்ல குடியிருந்தவங்களுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டான். "அது பரீட்சைக்கு வராதுடா, உட்காரு" என்றேன்.

போன வாரம் என் பேத்தி செல்போனில் ஒரு படத்தின் சில காட்சிகளைக் காட்டினாள். எகிப்துக் கலைஞர் வாயில் ஷாவ்கி எடுத்த 'காபரே குருசேட்ஸ்'. 2010 முதல் 2015 வரை மூன்று பாகங்களாக வந்தது. நடிகர்கள் கிடையாது, எல்லாம் நூல்பாவைகள். முதல் பாகத்தில் இத்தாலியின் டூரின் நகரத்துப் பழைய மரப்பாவைகள். இரண்டாவதில் சுட்ட மண்பாவைகள். மூன்றாவதில் முரானோ கண்ணாடிப் பாவைகள். லெபனானில் பிறந்த அமின் மாலூஃப், இந்தப் போர்களை அரேபியர் பார்வையில் சொல்லி 1983-இல் வெளியிட்ட நூலே இதற்கு அடிப்படை. அதனால் போப்பாண்டவர்கூட அரபியில்தான் பேசுகிறார்!

முதல் பாகம் 1095-இல் போப் இரண்டாம் அர்பன் விடுத்த அழைப்பில் தொடங்கி 1099-க்கு வருகிறது. அந்த ஆண்டு ஜூலை 15 அன்று ஜெருசலேமுக்குள் புகுந்த படை, முஸ்லிம்களையும் யூதர்களையும் பெண், பிள்ளை என்று பாராமல் வெட்டியது. நான் எழுதிப் போட்ட விளைவுகளில் 'வணிகம் வளர்ந்தது' இருந்தது. இந்த மக்கள் இல்லை.

அதற்காக அரேபியத் தரப்பு சுத்தம் என்றும் சொல்ல முடியாது. அலெப்போவை ஆண்ட ரித்வானும் டமாஸ்கஸை ஆண்ட துகாக்கும் உடன்பிறந்தவர்கள், ஆனால் தீராப் பகை. எதிரி வாசலுக்கு வந்தபோதும் ஒன்று சேரவில்லை. 1204-இல் சிலுவைப் படையே கான்ஸ்டான்டிநோபிள் என்ற கிறிஸ்தவ நகரத்தைச் சூறையாடியது.

மனித நடிகர் என்றால் ஒருவரைக் கதாநாயகன் ஆக்கி அவர் பக்கம் சாய்ந்துவிடுவோம். பாவைக்கு அந்த முகக்கவர்ச்சி இல்லை. நூலும் கண்ணுக்குத் தெரிகிறது. யார் ஆட்டி வைக்கிறார்கள் என்றுதான் மனம் தேடுகிறது. வரலாற்றை அப்படித்தான் படிக்க வேண்டும் என்பது எனக்கு ஓய்வு பெற்ற பிறகுதான் உறைத்தது.

தம்பி, நீ எங்கே இருக்கிறாயோ, இதைப் படித்தால் உன் கேள்விக்குப் பதில் மேலே இருக்கிறது. தாமதத்துக்கு மன்னித்துவிடு. இன்று ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களே, பிள்ளைகள் கேள்வி கேட்டால் உட்காரச் சொல்லிவிடாதீர்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் வரலாற்று சார்