பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கு ஒரு பரீட்சை

எழுதப் படிக்கத் தெரியாத பையனின் புத்தியை எப்படி அளப்பது? உளவியலாளர் சி. எம். பாட்டியா இந்தக் கேள்வியோடு உத்தரப் பிரதேசத்துப் பையன்களிடம் போனார். 11 முதல் 16 வயது வரை உள்ளவர்கள். 642 பேர் படித்தவர்கள், 512 பேர் எழுத்தறியாதவர்கள். இரண்டு கூட்டத்தையும் ஒரே சோதனையில் உட்கார வைத்தார். 1955-ல் ஆக்ஸ்போர்டு பதிப்பகம் அவருடைய புத்தகத்தை வெளியிட்டது. உளவியல் மாணவர்கள் ‘பாட்டியா பேட்டரி’ என்று சொல்லும் பெட்டி அப்படிப் பிறந்ததுதான்.

அதற்கு முன்னால் ஐம்பது வருடக் கதை இருக்கிறது. எல்லோரும் பள்ளிக்கு வர வேண்டும் என்று பிரான்ஸ் சட்டம் போட்ட பிறகு, பாடம் ஏறாத பிள்ளைகளை என்ன செய்வது என்று ஆசிரியர்கள் திணறினார்கள். 1904-ல் அரசு ஒரு குழு அமைத்தது. அதில் இருந்த உளவியலாளர் ஆல்ஃபிரட் பினே, தியோடர் சிமோனுடன் சேர்ந்து 1905-ல் 30 சின்னச் சின்ன வேலைகளைக் கொண்ட ஓர் அளவுகோலைக் கொடுத்தார். எரியும் தீக்குச்சியைக் கண் தொடர்கிறதா என்பது முதல் வேலை. போகப்போக வேலைகள் கடினமாகும். யாருக்குத் தனிக் கவனம் வேண்டும் என்று கண்டுபிடிப்பதுதான் நோக்கம். பிள்ளையின் புத்தி இவ்வளவுதான், இனி வளராது என்று முடிவு கட்டுவதை பினே கடுமையாக எதிர்த்தார். பின்தங்கிய பிள்ளைகளின் கவனத்தையும் நினைவாற்றலையும் பழக்கி வளர்க்கப் பயிற்சிகளையும் அவர் யோசித்து வைத்திருந்தார். 1911-ல் இறந்துவிட்டார்.

பிள்ளை எந்த வயதுக்குரிய வேலைகளைச் செய்கிறதோ அது அதன் மன வயது. மறுவருடமே ஜெர்மன் உளவியலாளர் வில்லியம் ஸ்டெர்ன், மன வயதை உண்மை வயதால் வகுக்கும் ஈவைக் கொண்டுவந்தார். 1916-ல் ஸ்டேன்ஃபோர்டில் லூயிஸ் டெர்மன் அதை 100-ஆல் பெருக்கினார். ஐக்யூ என்ற எண் வந்துவிட்டது. எண் வந்ததும் பினேயின் எச்சரிக்கை காணாமல் போனது. முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் ஏறத்தாழ 17 லட்சம் பேருக்குச் சோதனை வைத்தது. ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர்களுக்கென்று ‘பீட்டா’ என்ற படச் சோதனை. படத்தில் என்ன குறைகிறது என்று கண்டுபிடித்து வரைய வேண்டும். ஒரு படத்தில் டென்னிஸ் மைதானத்தில் வலை இல்லை, இன்னொன்றில் கிராமபோனில் குழல் இல்லை. டென்னிஸ் மைதானத்தையே பார்த்திராத ஒரு குடியானவர் அதில் என்ன குறையைக் காண்பார்? பென்சிலையே முதல் தடவையாகப் பிடித்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். எழுத்தை எடுத்துவிட்டால் சோதனை எல்லோருக்கும் பொதுவாகிவிடும் என்ற நம்பிக்கை அங்கேயே உடைந்திருக்க வேண்டும். உடையவில்லை. அந்த மதிப்பெண்களைக் காட்டித் தெற்கு, கிழக்கு ஐரோப்பியர்களை மட்டமானவர்கள் என்று எழுதினார்கள்.

இந்தியாவுக்கு பினேயின் அளவுகோல் லாகூர் வழியாக வந்தது. ஃபோர்மன் கிறிஸ்தவக் கல்லூரியின் ஹெர்பர்ட் ரைஸ் 1929-ல் இந்துஸ்தானி வடிவத்தை வெளியிட்டார். 1934-ல் தார்வார்ப் பக்கத்துப் பிள்ளைகளை வைத்து வி. வி. காமத், கன்னடத்துக்கும் மராத்திக்கும் பினே சோதனையைத் திருத்தினார்.

பாட்டியாவின் பெட்டிக்குள் ஐந்து சோதனைகள். முதலாவதுக்கு சாமுவேல் கோஸ் என்ற அமெரிக்கர் உருவாக்கிய வண்ணக் கட்டைகள். சிவப்பு, வெள்ளை, நீலம், மஞ்சள் என்று ஒவ்வொரு பக்கமும் ஒரு நிறம். இரண்டு பக்கங்கள் மட்டும் மூலைக்கு மூலை பிரிந்து பாதிப் பாதி நிறம். அட்டையில் உள்ள படத்தைக் கட்டைகளை அடுக்கி அப்படியே கொண்டுவர வேண்டும். அட்டைகள் பத்து. முதல் ஐந்துக்கு இரண்டிரண்டு நிமிடம், அடுத்த ஐந்துக்கு மும்மூன்று. அந்தப் பாதி நிறப் பக்கத்தில்தான் விரல்கள் தயங்கும். கட்டையைத் திருப்புவார்கள், வைப்பார்கள், எடுப்பார்கள். சோதிப்பவர் பதிவு செய்வது முடித்த நேரத்தை. எனக்கோ அந்தத் தயக்கத்தைப் பார்ப்பதுதான் பிடித்திருக்கிறது. ஒரு மனிதர் யோசிப்பதைக் கண்ணால் காண முடிகிற அபூர்வமான இடம் அது.

மூன்றாவது சோதனை பாட்டியா தாமே உருவாக்கியது. கையை எடுக்காமல், போன கோட்டிலேயே திரும்பப் போகாமல் ஓர் உருவத்தை வரைய வேண்டும். எங்கள் தாராபுரத்தில் எத்தனையோ வாசல்களில் விடிகாலையில் நடக்கிற வேலைதான் இது. சிக்குக் கோலம் போடும் பெண்ணுக்குப் புள்ளிகளுக்கு நடுவே இழை எங்கே தொடங்கி எங்கே முடியும் என்று கைக்குத் தெரியும். ஆனால் ஒருவரின் மதிப்பெண்ணை மற்றவர்களோடு ஒப்பிடும் அட்டவணையை பாட்டியா தயாரித்தது பையன்களை வைத்து. கோலம் போட்டு வளர்ந்த பெண்ணை அந்த அட்டவணையில் எங்கே வைப்பது? நான்காவது, கேட்டதைத் திருப்பிச் சொல்லும் சோதனை. படித்தவர்களுக்கு எண்கள், எழுத்தறியாதவர்களுக்கு எழுத்துகளின் ஒலிகள். இப்படி ஆளுக்கேற்ப மாற்றிய அக்கறைக்காகவே பாட்டியாவை எனக்குப் பிடிக்கும்.

ஆளுமைக் கோட்பாடுகளைப் படிக்கும்போதும் இதே கேள்வி வருகிறது: யாரை வைத்துச் செய்தார்கள்? ஆல்போர்ட்டும் ஆட்பர்ட்டும் 1936-ல் ஓர் ஆங்கில அகராதியிலிருந்து மனிதரின் குணத்தைக் குறிக்கும் ஏறக்குறைய 18,000 சொற்களைப் பொறுக்கினார்கள். உளவியலாளர் கேட்டலின் 16 ஆளுமைக் காரணிகளும், பிறகு வந்த ஐந்து பெருங்காரணிகளும் அந்த வழியில் வந்தவை. நம் ஊர் மனிதரையும் அந்தச் சட்டத்துக்குள்தான் பொருத்திப் பார்க்கிறோம்.

என் அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார். எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது. ஊசி உடைந்ததால் விழுந்த கோட்டையும் சின்ன எண்ணெய்க் கறையையும் துணி நகரும்போதே பிடித்துவிடுவார். தையல் அரை அங்குலம் விலகினாலும் தப்பாது. முழுதிலிருந்து பகுதியைப் பிரித்துப் பார்ப்பது என்று கட்டைச் சோதனைக்குப் பாடப்புத்தகத்தில் விளக்கம் படித்தபோது எனக்கு அம்மாதான் நினைவுக்கு வந்தார். ஆனாலும் அம்மாவுக்கு அந்தச் சோதனையை வைத்து எண் போட நான் விரும்பவில்லை. அட்டவணையில் அவர் வயதுப் பெண்கள் இல்லை.

எண்ணே வேண்டாம் என்று சொல்லவில்லை. அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைக்குச் சான்றிதழ் கிடைக்க இன்றும் பினே-காமத் சோதனையோ, நாக்பூரில் மாலின் 1969-ல் இந்தியக் குழந்தைகளுக்காகத் திருத்திய அளவுகோலோ வைக்கப்படுகிறது. அந்தத் தாளை வைத்துத்தான் உதவித்தொகை, சலுகை எல்லாம். ஆனால் அட்டவணையும் பழசாகும். பல நாடுகளில் பத்தாண்டுக்குச் சுமார் மூன்று புள்ளி என்ற கணக்கில் மதிப்பெண் ஏறிவந்ததை ஜேம்ஸ் ஃப்ளின் காட்டினார். அப்படியானால் பழைய அட்டவணை பிள்ளையின் எண்ணைத் தூக்கிக் காட்டும். உதவி தேவைப்படும் பிள்ளை அதனாலேயே விடுபட்டுப் போகலாம்.

கட்டைகள் நல்ல கட்டைகள். அவற்றைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. அட்டவணையைத்தான் புதிதாகப் போட வேண்டும். எங்கள் பக்கத்து மூலனூர், குண்டடம் பிள்ளைகள் அதில் வர வேண்டும், பெண் பிள்ளைகள் சரிபாதி வர வேண்டும். பனியன் வேலைக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களின் பிள்ளைகளுக்கு அவர்கள் வீட்டு மொழியில் விதிமுறையைச் சொல்லிச் சோதிக்க வேண்டும். ஆயிரத்துச் சொச்சம் பிள்ளைகளை உட்கார வைத்துப் பாட்டியா செய்து காட்டிய வேலை இது. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழக உளவியல் துறைகள் ஒன்று சேர்ந்தால் இதைச் செய்ய முடியும்.