திரும்பி வந்த சிங்கம்

சென்ற வாரம் பாதிரியார் டேவிட் லிவிங்ஸ்டனைச் சிங்கத்தின் காலடியில் விட்டுவிட்டு வந்தோம். அவர் கதையை முடித்துவிட்டு நகர்வோம். 1844-ல் ஆப்பிரிக்காவின் மபோட்சாவில் அவர் சுட்ட சிங்கம் உடனே சாகவில்லை. பாய்ந்து வந்து தோளைக் கவ்வி, நாய் எலியை உலுக்குவதுபோல் உலுக்கியது. மெபால்வே என்ற உள்ளூர்க்காரர் துப்பாக்கியைத் தூக்க, அது லிவிங்ஸ்டனை விட்டு அவர் தொடையைக் கடித்தது. அதற்குள் முன்பே பட்டிருந்த குண்டுகள் தம் வேலையை முடித்துவிட்டன. லிவிங்ஸ்டனின் இடது மேற்கை எலும்பு சரியாகக் கூடவில்லை. 1874-ல் அவர் உடல் லண்டன் வந்து சேர்ந்தபோது, அந்தக் கோணல் எலும்பை வைத்துத்தான் இது அவர்தான் என்று உறுதி செய்தார்கள்.

சிங்கத்தின் வாயில் இருந்தபோது வலியே தெரியவில்லை, கனவில் மிதப்பதுபோல் இருந்தது என்று லிவிங்ஸ்டன் எழுதி வைத்தார். இரையாகும் உயிர்களுக்குப் படைத்தவன் காட்டும் கருணை அது என்பது பாதிரியாரான அவருடைய விளக்கம். படிக்க ஆறுதலாகத்தான் இருக்கிறது. ஆனால் அறுபது ஆண்டுகள் கழித்து அதே கண்டத்தில் சிங்கத்தின் வாயில் கிடந்த இன்னொருவர், எனக்கு அப்படி எந்தக் கருணையும் கிடைக்கவில்லை என்றார். கடியின் வலி முழுக்கத் தெரிந்தது. இனி என்ன நடக்கும் என்ற எண்ணம் வலியைவிடக் கொடுமையாக இருந்தது என்பது அவர் வாக்குமூலம். ஹாரி வோல்ஹூட்டர் என்று பெயர். இந்த வாரம் அவர் கதை.

தென்னாப்பிரிக்காவின் வடகிழக்கு மூலை. மொசாம்பிக் எல்லையை ஒட்டி ‘லோவெல்டு’ என்று அழைக்கப்படும் தாழ்நிலம். முள்மரங்களும் இடுப்பளவு புல்லும் நிறைந்த புதர்க்காடு. 1896-ல் மாட்டு வெக்கை நோய் ஆப்பிரிக்காவின் தென்முனை நோக்கி வந்து, மாடுகளோடு எருமைகளையும் வாரிக்கொண்டு போயிற்று. மிச்சம் இருந்ததை வேட்டைக்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள். 1898-ல் டிரான்ஸ்வால் குடியரசுத் தலைவர் பால் குரூகர் இங்கே சாபி ஆற்றுக்கும் முதலை ஆற்றுக்கும் இடைப்பட்ட நிலத்தைக் காப்புக்காடாக அறிவித்தார். மறு ஆண்டே ஆங்கிலேயர்களோடு போயர் யுத்தம் மூண்டது. காப்புக்காடு காகிதத்தில் கிடந்தது.

யுத்தம் முடிந்த 1902-ல், வென்ற ஆங்கிலேயர்கள் இந்தக் காட்டுக்கு ஒரு தலைவரை நியமித்தார்கள். ஜேம்ஸ் ஸ்டீவன்சன்-ஹாமில்டன், ஸ்காட்லாந்துக்காரர், ராணுவ அதிகாரி. அவர் தேர்ந்தெடுத்த முதல் ரேஞ்சர்களில் ஒருவர் வோல்ஹூட்டர். யுத்தத்தில் ‘ஸ்டைனேக்கர் குதிரைப்படை’ என்ற ஒழுங்கற்ற படையில் இருந்தவர். அந்தப் படை எதிரியைச் சுட்டதைவிட மானைச் சுட்டுத் தின்றது அதிகம் என்று பேச்சு உண்டு. அதிலிருந்து வந்தவரிடமே மான்களைக் காக்கும் வேலை. கள்ளன் கையில் சாவி கொடுத்ததுபோலத்தான். ஆனால் இந்தச் சாவி சரியான கையில்தான் இருந்தது.

1903 ஆகஸ்ட் மாதக் கடைசி. அங்கே அது வறண்ட குளிர்காலத்தின் முடிவு. ஒலிஃபண்ட்ஸ் ஆற்றுப் பக்கம் ரோந்து போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார் வோல்ஹூட்டர். ஆப்பிரிக்கக் காவலர்கள் பொதிக் கழுதைகளை ஓட்டிக்கொண்டு பின்னால் வந்தார்கள். பொழுது சாய்ந்துவிட்டது. இரவு தங்கும் இடத்துக்கு முன்னதாகப் போய்விடலாம் என்று குதிரையைத் தட்டிவிட்டார். கூடவே அவருடைய நாய்.

நாயின் பெயரை எழுதுவதில் ஒரு சங்கடம். ஆங்கிலத்தில் அதற்குக் ‘காளை’ என்று பொருள். தமிழில் எழுதினால் புல் ஆகிவிடுகிறது. இந்தக் கதையில் ஏற்கெனவே புல் ஒரு பாத்திரம். ஆகவே நாயைக் காளை என்றே வைத்துக்கொள்வோம்.

வழியெல்லாம் காட்டுத்தீ புல்லைத் தின்றிருந்தது. கரிந்த வெளியில் எதுவும் ஒளிய முடியாது. ஆனால் ஓரிடத்தில் தீ தொடாத புல் உயரமாக நின்றது. அதை நெருங்கும்போது காளை குரைத்தது. அங்கே மான்கள் அடிக்கடி தென்படும். அதுவாகத்தான் இருக்கும் என்று அவர் நினைத்தார். அடுத்த கணம் பாய்வதற்கு உடலைக் குறுக்கிய சிங்கம் தெரிந்தது. துப்பாக்கியைத் தூக்க நேரமில்லை. குதிரையை வெட்டித் திருப்பினார். சிங்கம் குதிரையின் பின்புறத்தில் வந்து விழுந்தது. குதிரை துள்ளிய துள்ளலில் அவர் தூக்கி எறியப்பட்டார். விழுந்த இடத்தில் இன்னொரு சிங்கம் இருந்தது.

முதல் சிங்கம் குதிரையைத் துரத்திக்கொண்டு ஓடியது. அதைத் துரத்திக்கொண்டு காளை ஓடியது. துப்பாக்கி எங்கோ விழுந்து கிடந்தது. இரண்டாவது சிங்கம் அவருடைய வலது தோளைக் கவ்வி இழுத்துக்கொண்டு நடந்தது. பூனை தன் குட்டியைத் தூக்கிப் போவதைப் பார்த்திருப்பீர்கள்; அதுபோலத்தான், ஆனால் இது இரை. அவர் மல்லாந்த நிலையில் சிங்கத்தின் வயிற்றுக்கடியில். முகம் பிடரி மயிரில் அழுந்தியிருக்கிறது. பூட்ஸின் குதிமுட்கள் தரையை உழுதுகொண்டு வந்தன, வார் அறுந்து போகும் வரை. போகிற வழியெல்லாம் சிங்கம் உறுமிக்கொண்டே போனது. கோபத்தில் அல்ல. நல்ல சாப்பாடு கிடைத்த பூனை தொண்டைக்குள் குறுகுறுப்பதுபோல. அந்தச் சத்தத்தை வோல்ஹூட்டர் கடைசிவரை மறக்கவில்லை.

அறுபது கெஜத்துக்கு மேல் இப்படி இழுபட்டிருக்கிறார். அப்போதுதான் இடுப்புக் கத்தி நினைவுக்கு வந்தது. பெல்ட்டில் பின்பக்கம், வலது இடுப்பருகே உறை. அந்த உறை லேசானது. குதிரையிலிருந்து விழும்போது கத்தி நழுவிப் போவது வழக்கம். வலது கை சிங்கத்தின் வாயில். இடது கையை முதுகுக்கு அடியில் நுழைத்துத் துழாவினார். கத்தி இருந்தது.

பதற்றத்தில் கண்ட இடத்தில் குத்தியிருந்தால் இந்தக் கதையைச் சொல்ல அவர் இருந்திருக்க மாட்டார். பிடியை இறுக்கிக்கொண்டு, இடது கையாலேயே சிங்கத்தின் இடது முன்னங்கால் தோள்பட்டையைத் தடவி, இதயம் இருக்கும் இடத்தைக் கணக்கிட்டார். வேட்டையாடிய மிருகங்களை நூற்றுக்கணக்கில் அறுத்துப் பார்த்தவருக்கு அந்தக் கணக்குத் தெரியும். இரண்டு குத்து. சிங்கம் உறுமியது, பிடியை விடவில்லை. மூன்றாவதாகத் தொண்டையில் மேல்நோக்கி ஒரு குத்து. ரத்தம் அவர்மேல் கொட்டியது. சிங்கம் அவரைக் கீழே போட்டுவிட்டுச் சில அடி தள்ளிப் போய் நின்று பார்த்தது.

எழுந்து நின்று, தெரிந்த வசவுகளையெல்லாம் கத்தினார். மனிதக் குரல் மிருகத்தை மிரட்டும் என்ற நம்பிக்கை. சிங்கம் இருட்டுக்குள் போயிற்று. முனகல் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது.

பத்திரிகைகளில் இந்தக் கதையைச் சொல்பவர்கள் பலரும் இந்த இடத்தில் முடித்துக்கொள்வார்கள். கத்தியால் சிங்கத்தைக் கொன்ற வீரன், முற்றும். எனக்கு இதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிதாகத் தெரிகிறது. சிங்கத்தோடு அவர் போராடியது சில நிமிடங்கள்தான். குதிரையைத் துரத்திப் போன சிங்கம் இன்னும் உயிரோடு இருக்கிறது. குதிரை அதற்குச் சிக்கவில்லை. ஆகவே அது பசியோடு திரும்பி வரும்.

வோல்ஹூட்டருக்கு இது தெரியும். முதலில் புல்லுக்குத் தீ வைக்கப் பார்த்தார். ஒரே கையில் தீக்குச்சி உரசி, பனி இறங்கிய புல்லில் வைத்தால் எப்படிப் பற்றும்? பற்றவில்லை. அடுத்தது மரம். ஒரு கையால் ஏறக்கூடிய மரமாக இருக்க வேண்டும். காட்டில் வளர்ந்தவனுக்கும் இரண்டு கையும் வேண்டிய வேலை இது. எப்படியோ ஒரு கவைக்கிளைவரை ஏறினார். ரத்தம் போய்க்கொண்டே இருந்தது. மயங்கி விழுந்தால் முடிந்தது என்று பெல்ட்டை அவிழ்த்துத் தன்னை மரத்தோடு கட்டிக்கொண்டார்.

சிங்கம் வந்தது. அவர் ரத்தம் சிந்திய வழியை மோந்துகொண்டே மரத்தடிக்கு வந்தது. அவர் இருந்த உயரம் ஒன்றும் பாதுகாப்பான உயரம் இல்லை.

கூடவே காளையும் வந்து சேர்ந்தது. அவர் குரல் கொடுத்து ஏவிவிட, நாய் அந்தச் சிங்கத்தைச் சுற்றிச் சுற்றி வந்து குரைத்தது. சிங்கம் பாய்ந்தால் விலகும், திரும்பினால் பின்னால் போய்க் குரைக்கும். சிங்கம் நகரும், மறுபடி வரும். மரத்தின்மேல் இருந்தவருக்கு நாவறட்சி உயிரை எடுத்தது. ரத்தம் நிறையப் போனவனுக்குத் தண்ணீர்த் தாகம்போல் வேதனை வேறில்லை. பின்னால் வரும் ஆட்களின் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

கடைசியில் கேட்டது. கழுதைப் பொதியில் பாத்திரம் உரசும் ஓசை. சிங்கம் இருக்கிறது, ஜாக்கிரதை என்று மேலிருந்து கத்தினார். அவர்கள் துப்பாக்கி வெடித்து, நெருப்பு மூட்டி, அவரைக் கீழே இறக்கினார்கள். தங்குமிடம்வரை நடந்தாக வேண்டும். காயப்பட்டவரை நடுவில் வைத்து, எரியும் கட்டைகளைக் கையில் பிடித்துக்கொண்டு இருட்டில் நடந்தார்கள். காளை குறுக்கும் நெடுக்கும் ஓடிக் காவல் காத்தது.

மறுநாள் அவர் ஆட்களைச் சம்பவ இடத்துக்கு அனுப்பினார். சிங்கம் செத்துக் கிடந்தது. தோலை உரித்து வந்தார்கள். கத்தி இதயத்தைத் தொட்டிருந்தது என்று சொன்னார்கள்.

ஆனால் இப்போது அவரைக் கொல்லப் பார்த்தது அந்தச் செத்த சிங்கத்தின் பல். சிங்கத்தின் பல்லிடுக்கிலும் நகத்திலும் அழுகிய இறைச்சித் துணுக்குகள் இருக்கும். கடித்த இடத்தில் அவை உள்ளே போய்விடும். கடியில் பிழைத்துச் சீழால் செத்தவர்கள் உண்டு. பெனிசிலின் கண்டுபிடிக்க இன்னும் 25 ஆண்டுகள் இருந்தன. அவர்களிடம் மருந்தென்று சொல்ல ஒன்றும் இல்லை. காயம் வீங்கியது. ஜுரம் ஏறியது. ஒரே வழி, ரயில் நிலையம் உள்ள கோமாட்டிபூர்ட். நம் மலைக்கிராமங்களில் நோயாளியை டோலி கட்டித் தூக்கி வருகிறார்களே, அப்படித்தான் கழியில் துணி கட்டி அவரைத் தூக்கினார்கள். சிங்கங்கள் உலவும் காட்டில் சுமார் நான்கு நாள் நடை. அங்கிருந்து ரயிலில் பார்பர்டன் மருத்துவமனை. வாரக்கணக்கில் படுக்கை. உயிர் மிஞ்சியது, வலது கை மட்டும் பழைய பலத்தைத் திரும்பப் பெறவில்லை.

அந்தக் கத்தி லண்டன் ஸ்மித்ஃபீல்டில் செய்தது. ஸ்மித்ஃபீல்டு என்றால் இறைச்சிச் சந்தை. கத்தியும் சிங்கத்தின் தோலும் இன்று குரூகர் தேசியப் பூங்காவின் தலைமையகமான ஸ்குகுசாவில் காட்சிக்கு இருக்கின்றன. பயணிகள் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால், பக்கத்தில் அந்த டோலிக் கழியும் இருந்திருக்க வேண்டும்.

ஸ்குகுசா என்ற பெயருக்கும் ஒரு கதை உண்டு. அது ஸ்டீவன்சன்-ஹாமில்டனுக்கு உள்ளூர் மக்கள் வைத்த பெயர். துடைத்து எறிபவன் என்று பொருள் சொல்வார்கள். காப்புக்காட்டுக்காக அங்கே குடியிருந்த ஆப்பிரிக்கக் குடும்பங்களை அவர் வெளியேற்றினார். துடைத்து எறியப்பட்டவர்கள் வைத்த பெயர் இன்று பூங்காத் தலைநகரின் பெயர். அந்த நாட்களில் மான் இனம் பெருக வேண்டும் என்பதற்காகச் சிங்கங்களைச் சுடுவதும் ரேஞ்சர்களின் கடமையாக இருந்தது. கால் நூற்றாண்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிங்கங்கள் சுடப்பட்டன. பிறகு, 1926-ல் குரூகர் தேசியப் பூங்கா பிறந்து, மோட்டார் கார்கள் உள்ளே வரத் தொடங்கியதும், வந்தவர்கள் முதலில் கேட்டது ‘சிங்கம் எங்கே?’ என்றுதான்.

வோல்ஹூட்டர் குணமானதும் அதே காட்டுக்கு, அதே வேலைக்குத் திரும்பினார். மொத்தம் 44 ஆண்டு ரேஞ்சராக இருந்து 1946-ல் ஓய்வு பெற்றார். இரண்டு ஆண்டு கழித்து நினைவுக் குறிப்புகளைப் புத்தகமாக எழுதினார். 1964 வரை வாழ்ந்தார். அவர் தன்னைக் கட்டிக்கொண்ட மரத்தின் அடிக்கட்டையை அந்த இடத்தில் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

அடுத்த வாரம் வடக்கே, கென்யாவின் சாவோ ஆற்றங்கரைக்குப் போகிறோம். 1898-ல் அங்கே ரயில் பாதை போட இந்தியாவிலிருந்து கப்பலேறிப் போன தொழிலாளிகள் கூடாரங்களில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தேடி வந்தவையும் இரண்டு சிங்கங்கள்தான். ஒன்பது மாதம் வந்தன.

(தொடரும்)