கா. ராஜன்

தமிழகத் தொல்லியலறிஞர், பேராசிரியர். தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் புதுச்சேரிப் பல்கலைக்கழக வரலாற்றுத் துறையிலும் பணியாற்றினார். நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் 1980களில் வரலாற்றறிஞர் எ. சுப்பராயலுவுடன் அகழாய்வு செய்தவர், 2012இல் அங்கு மீண்டும் சென்றார். இரும்பு உருக்கியதற்கும் கல்மணிகள் செய்ததற்குமான தடயங்களுடன், தமிழ்ப் பிராமியில் பெயர் கீறிய பானையோடுகள் நூற்றுக்கணக்கில் அங்கே கிடைத்தன.

2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் இவருடைய குழு கண்டெடுத்த, தமிழ்ப் பிராமி எழுத்துள்ள நடுகற்கள் மிகப் பழமையானவை. அவற்றில் ஒன்று ஆகோளை, அதாவது ஆநிரை கவர்தலை, குறிப்பிடுகிறது. சங்கப் பாடல்கள் சொல்லும் ஆநிரைப் போரைக் கல்லிலேயே படிக்க முடிவது சிறிய செய்தியல்ல.

பெரும் விவாதத்தைக் கிளப்பியது, பழனி அருகிலுள்ள பொருந்தலில் இவர் செய்த அகழாய்வு. ஈமச்சின்னம் ஒன்றில், நான்கு கால் சாடிக்குள் ஏறத்தாழ 2 கிலோ நெல் இருந்தது. அதனுடன் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பிரிமணையும் (பானையைத் தாங்கும் வளையம்) கிடைத்தது. நெல்லின் காலம் கி.மு. 490 எனக் கணிக்கப்பட்டது. தமிழ்ப் பிராமி அசோகருக்கு முந்தையது என்று ராஜன் வாதிட இதுவே முதன்மைச் சான்று. ஓரிரு காலக்கணிப்புகள் போதா என்று தயங்கிய அறிஞர்களும் உண்டு. கேள்வி நியாயமானதுதான், ஆனாலும் நெல்லை ஆய்வகத்துக்கு அனுப்பிக் காலம் கணித்த அந்த முயற்சி, விவாதத்தை ஊகத்திலிருந்து அளவீட்டுக்குக் கொண்டுவந்தது.

2025 ஜனவரியில், தொல்லியலறிஞர் ர. சிவானந்தத்துடன் இணைந்து இவர் எழுதிய 'இரும்பின் தொன்மை' என்ற நூல் வெளியானது.