சவரக் கத்தி சீரமைப்பு

இக்கட்டுரை சவரக் கத்தியைச் சீரமைக்கும் முறை பற்றியது. 2018 இல் வெளியான தமிழ்த் திரைப்படத்துக்கு, சவரக்கத்தி (திரைப்படம்) பார்க்க.

சவரக் கத்தி சீரமைப்பு என்பது துருப்பிடித்த, வாய் சிதைந்த அல்லது பிடி உடைந்த பழைய மடக்குச் சவரக் கத்தியை மீண்டும் மழிப்பதற்கு ஏற்ற நிலைக்குக் கொண்டுவரும் வேலை ஆகும். முன்னர் கையாலேயே செய்யப்பட்ட இவ்வேலையில் இன்று மின்சாரச் சாணை எந்திரம், பஃபிங் எந்திரம் ஆகியனவும் பயன்படுகின்றன. இவை நேரத்தை மிச்சப்படுத்தும்; எனினும் கத்தியையும் வேலை செய்பவரின் கையையும் ஒரு நொடியில் கெடுத்துவிடக் கூடியவை.

பின்னணி

தமிழ்நாட்டு நாவிதர்கள் கத்தி, தீட்டுக்கல், தோல்வார் முதலியவற்றை அடைப்பம் எனப்படும் பையில் வைத்திருந்தனர். பண்டு சிறு அறுவை மருத்துவமும் இவர்களே செய்தமையால் மருத்துவர் என்ற பெயரும் இச்சமூகத்துக்கு உண்டு. இந்தியாவின் முதல் எச்.ஐ.வி தொற்றுகள் 1986 இல் சென்னையில் கண்டறியப்பட்டன. அதன் பின்னர் ஏற்பட்ட விழிப்புணர்வால், பிளேடை இரண்டாக முறித்துச் செருகிப் பயன்படுத்தும் கத்தியே முடிதிருத்தகங்களில் பரவியது. திருவண்ணாமலை போன்ற கோயில் நகரங்களில் முடி காணிக்கைக்கும் இன்று பிளேடுதான். இதனால் வேலையிழந்த பழைய கத்திகள் பல, வீடுகளில் தாத்தாவின் பொருளாகத் தங்கிவிட்டன. சீரமைப்புக்கு வருபவை பெரும்பாலும் இத்தகையனவே.

அமைப்பு

அலகு கரிமம் மிகுந்த எஃகால் ஆனது. இங்கிலாந்தின் செஃபீல்டு, செருமனியின் சோலிங்கன் ஆகிய நகரங்களின் கத்திகள் பெயர்பெற்றவை. முதுகு தடித்தும் வாய் மிக மெலிந்தும் இருக்கும். இரு பக்கங்களும் உட்குழிவாகத் தேய்க்கப்பட்டிருக்கும். தீட்டும்போது முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படிவதால், வாயின் கோணத்தை முதுகின் தடிப்பே தீர்மானிக்கிறது. அலகின் அகலம் 22 மி.மீ., முதுகின் தடிப்பு 6 மி.மீ. எனில் கோணம் ஏறத்தாழ 16 பாகை. முதுகை 5 மி.மீ. ஆகத் தேய்த்துவிட்டால் கோணம் 13 பாகையாகக் குறையும். அத்தகைய வாய் எளிதில் நொறுங்கும். ஆகவே துரு நீக்குவதற்காக முதுகைச் சக்கரத்தில் வைத்து அழுத்துதல் தவறு.

வெப்பத்தால் ஏற்படும் கேடு

கத்தி செய்யும்போது எஃகைச் செஞ்சூடாக்கி எண்ணெயிலோ நீரிலோ தோய்த்துக் கடினமாக்குவர். பின்னர் அது நொறுங்காதிருக்க 150 முதல் 200 பாகை செல்சியசு வரை மீண்டும் சூடாக்கிப் பதப்படுத்துவர். இவ்வெப்பநிலையை மீறினால் கடினம் குறையத் தொடங்கும். எஃகின் மேல் தோன்றும் நிறமே இதற்கு அடையாளம்: வைக்கோல் மஞ்சள் 200 பாகைக்குச் சற்று மேல், நீலம் 300 பாகையை ஒட்டி. நீலம் பூத்த வாய் கூர் நிற்காது. நிறத்தைத் தேய்த்துப் போக்கலாம். இழந்த கடினம் திரும்பாது.

மின்சாரச் சாணையில் இது நிகழ ஓரிரு நொடிகள் போதும். வேங்கிக்கால் போன்ற நகரோரப் பகுதிகளின் பட்டறைகளில் காணப்படும் 6 அங்குலச் சாணை, நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,850 சுற்றுகள் சுழல்கிறது. சக்கரத்தின் விளிம்பு நொடிக்கு 22 மீட்டருக்கு மேல் விரைகிறது. வெப்பத்தை ஈர்த்துக்கொள்ளும் தடிப்பு வாயில் இல்லாததால் அதுவே முதலில் வேகும். மிதிவண்டியில் வரும் சாணைக்காரரின் சக்கரமும் அரிவாள்மணைக்கும் கத்தரிக்கோலுக்கும் ஏற்றதே தவிர, சவரக் கத்திக்கு ஏற்றதன்று.

செய்முறை

முதலில் ஆணியைக் கழற்றிப் பிடியை நீக்க வேண்டும். பழைய பிடிகள் பல செல்லுலாயிடால் ஆனவை; தீப்பொறி பட்டால் சட்டெனப் பற்றிக்கொள்ளும். பின்னர் அலகை ஆராய வேண்டும். வாயில் விரிசல் ஓடியிருந்தாலோ, துருக்குழி வாய் வரை ஆழமாக இறங்கியிருந்தாலோ அக்கத்தியைக் காட்சிப் பொருளாக வைத்துக்கொள்வதே நன்று.

வேலைக்கு முன் வாயை வேண்டுமென்றே மழுக்குவது கைக்குப் பாதுகாப்பு. மேலோட்டமான துருவை எண்ணெயும் நீர் உப்புத்தாளும் கொண்டு கையால் நீக்கலாம். சிறு பொரிவுகளைக் கல்லில் தேய்த்தே போக்க வேண்டும், சக்கரத்தில் அன்று. எந்திரம் உண்மையில் பயன்படுவது அலகின் பக்கங்களை மெருகேற்றத்தான். அப்போது கையுறையின்றி அலகைப் பிடித்து, விரலுக்குச் சூடு தெரிந்தவுடன் நீரில் நனைக்க வேண்டும். விரல் தாங்காத சூடு, பதம் கெடும் சூட்டுக்கு வெகு கீழே இருப்பதால் விரலே நல்ல வெப்பமானி.

பஃபிங் சக்கரம் துணியால் ஆனது என்பதால் தீங்கற்றது போலத் தோன்றும். கத்தி செய்வோர் பலர் பட்டறையில் மிகவும் அஞ்சும் கருவி இதுவே. சுழலும் துணி வாயைக் கவ்வினால் அலகைப் பறித்து எறிந்துவிடும். ஆகவே சக்கரத்தின் நடுமட்டத்துக்குக் கீழே அலகை வைத்து, துணி முதுகிலிருந்து வாய்ப்பக்கமாக ஓடி விலகுமாறு பிடிக்க வேண்டும். எதிர்த்திசையில் ஒருபோதும் கூடாது. துணிக் கையுறை, தொங்கும் துண்டு, வேட்டி நுனி ஆகியன சுழல் கருவியின் அருகில் ஆகா. கண்ணாடியும் முகமூடியும் தேவை. 19 ஆம் நூற்றாண்டில் செஃபீல்டின் சாணைத் தொழிலாளர் பலர் சாணைத் தூசியால் நுரையீரல் நோயுற்று இளமையிலேயே இறந்தனர்.

இறுதிக் கூர் கையால்தான். முதலில் 1000 எண் கல், பின் படிப்படியாக 8000 எண் வரை, முடிவில் தோல்வார். வாரில் முதுகு முன்செல்ல இழுக்க வேண்டும். வாய் முன்சென்றால் வார் அறுபடும்.

தூய்மை

பழைய கத்தியைச் சோப்பு நீரில் கழுவிக் கிருமிநீக்கம் செய்த பிறகே பயன்படுத்த வேண்டும். சலவைத்தூள் கரைசல் கரிம எஃகை அரிக்கும். சீரமைத்த கத்தி ஒருவரின் சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டுமே உரியது. பயன்படுத்திய பின் ஈரத்தைத் துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசி வைப்பர்.